முதியோர் மருத்துவத்துக்கு வருகிறீர்களா? யாரிடம் தொழில் பழகுவது என்று முதலில் பாருங்கள்

மேற்படிப்புக் கவுன்சிலிங் நேரம் வந்தால் போதும், ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். “சார், ஜெரியாட்ரிக்ஸ் கிடைக்கும்போல இருக்கு. எடுக்கலாமா? ஸ்கோப் இருக்கா?” கேட்கிற குரலிலேயே தயக்கம் தெரியும். ரேடியாலஜியோ டெர்மடாலஜியோ கிடைக்கவில்லை, வீட்டில் “வயசானவங்களைப் பார்க்கவா இவ்வளவு படிச்சே” என்று முகம் சுளிக்கிறார்கள், இன்னொரு வருடம் உட்கார்ந்து நீட் எழுதிவிடலாமா என்று ஒரு யோசனையும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்கோப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவருக்கும் சற்று அதிகம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளை பெறுவது குறைந்துபோன மாநிலம் என்பதால் இந்தப் பங்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய மருத்துவ மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டுவிட்டது. நோயாளிகளுக்குப் பஞ்சம் வராது. பஞ்சமெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்குத்தான். அதனால் போன் செய்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அங்கே யாரிடம் வேலை பழகப் போகிறீர்கள்?

இந்தத் துறை வளர்ந்த கதையே அப்படித்தான். 1935ல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம், பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள் 714 பேரை ஒப்படைத்தார்கள். பலர் வருடக்கணக்கில் படுத்த படுக்கை. ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று விடப்பட்டவர்கள். அவர் ஒவ்வொருவரையும் முறையாகப் பரிசோதித்து, என்ன கோளாறு, எதைச் சரிசெய்யலாம் என்று பிரித்தார். கட்டிலை விட்டு எழுப்பினார், நடக்க வைத்தார், கணிசமானவர்களை வீட்டுக்கே அனுப்பினார். தான் செய்ததை 1943ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பிரிட்டனில் முதியோர் மருத்துவம் தனித் துறையாக எழுந்ததற்கு அந்த வார்டு ஒரு முக்கியக் காரணம்.

அதே பிரிட்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் வ.செ. நடராசன்தான் 1978ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. ஜெரியாட்ரிக்ஸ் படிப்பு வந்தது. நாட்டிலேயே முதலாவது அது. 2012ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. நான் சொல்ல வருவது விருதைப் பற்றி அல்ல. ஒருவர் இன்னொருவரின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் இது நம் ஊர்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

புத்தகத்தில் படிக்க முடியாததா என்று கேட்கலாம். ஒரு சாதாரண ஓ.பி. நாளைச் சொல்கிறேன். எழுபத்தெட்டு வயது ஐயாவை மகன் அழைத்து வருகிறார். “ஞாபகமே இல்ல சார், ராத்திரில என்னென்னவோ பேசுறார்.” கையில் ஸ்கேன் ஃபைல். புதிதாக வந்த பிஜி (மேற்படிப்பு மாணவர்) நேராக ஸ்கேனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மூத்தவர் அதைத் தொடவே மாட்டார். “மாத்திரை எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டு, ஜவுளிக்கடை மஞ்சள் பையை வாங்கி மேஜையில் அப்படியே கவிழ்ப்பார். பாதி கிழிந்த அட்டைகள், டப்பாவிலிருந்து உதிர்ந்த மாத்திரைகள், பக்கத்து வீட்டுக்காரர் ‘எனக்குக் கேட்டுச்சு’ என்று கொடுத்த சூரணம். இரண்டு வேறு பெயர் போட்ட அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரே மருந்து. இரண்டு டாக்டர் எழுதியது, ஐயா இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்னும் கொஞ்சம் நோண்டினால் கதை தெரியும். பிரஷருக்கு ஆம்லோடிபின் கொடுத்தார்கள். கால் வீங்கியது. அந்த மருந்துக்கே அப்படி ஒரு குணம் உண்டு. வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். இரவில் சிறுநீர் அடக்க முடியாமல் ஓடினார். அதற்குச் சிறுநீர்ப்பை மாத்திரை எழுதினார் மூன்றாமவர். அந்த வகை மாத்திரைகள் சில, வயதானவர்களுக்கு வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், புத்தியைக் குழப்பும். இப்போது குழப்பத்துக்கு மருந்து கேட்டு நம்மிடம் வந்திருக்கிறார்கள். அவரவர் அறையில் மூன்று டாக்டரும் செய்தது சரிதான். சங்கிலியை முதல் கண்ணிவரை பின்னோக்கிப் பிடித்துப் போகத்தான் ஆள் இல்லை. (படிக்கிற யாரும் இதைப் பார்த்துவிட்டு பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பையோடு டாக்டரிடம் போங்கள்.)

வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவில் மார்க் பீர்ஸ் 1991ல் தொகுத்தது, இன்றுவரை புதுப்பித்து வருகிறார்கள், எந்த மாணவரும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எதை முதலில் குறைப்பது, இதய டாக்டரின் மனம் கோணாமல் போனில் அதை எப்படிச் சொல்வது, ‘இந்த மாத்திரைதான் என்னை உயிரோட வெச்சிருக்கு’ என்று நம்பும் ஐயாவிடம் எப்படிப் பேசுவது? இதெல்லாம் ஒருவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

நடையும் அப்படித்தான். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லும் ஒரு சோதனை உண்டு. 12 நொடிக்கு மேல் போனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல மூத்தவர் ஸ்டாப்வாட்சை எடுப்பதற்கு முன்பே, அந்த அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் பாதியைப் பார்த்திருப்பார். நாற்காலிக் கையை அழுத்திப் பிடித்தாரா, திரும்பும்போது சுவரைத் தொட்டாரா, செருப்பு தேய்ந்திருப்பது எந்தப் பக்கம், பேசிக்கொண்டே நடக்கிறாரா இல்லை பேச்சு வந்ததும் நின்றுவிடுகிறாரா. சிறுநீர் கசிகிறதா என்று மருமகள் எதிரில் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். மருமகளை ஏதாவது ரிப்போர்ட் வாங்கிவர வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவரை எடுத்த எடுப்பில் “என்ன தாத்தா” என்று கூப்பிட்டால் அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். சிலபஸில் எந்த வரியில் இதைச் சேர்ப்பது?

மூத்தவர் என்றால் புரொஃபசர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். முதியோர் வார்டில் நான் அதிகம் கற்றுக்கொண்டது நர்ஸ்களிடம். காலை ரவுண்ட்ஸில் எல்லா நம்பரும் நார்மல், காய்ச்சல் இல்லை, நோயாளி அமைதியாகப் படுத்திருக்கிறார், பிஜி அடுத்த கட்டிலுக்கு நகரப் போகிறார். “டாக்டர், இவர் நேத்து காலையில ஹிந்து பேப்பர் எங்கேன்னு சத்தம் போட்டார். இன்னிக்குக் கேக்கவே இல்ல” என்பார் சிஸ்டர். அவ்வளவுதான் துப்பு. கூச்சல் போட்டு, ட்யூபைப் பிடுங்கினால் அது டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் புத்திக் குழப்பம், என்று எல்லோருக்கும் தெரியும். சத்தமே இல்லாமல் அடங்கிப்போகிற டெலிரியம்தான் தவறிப்போவது, பல நேரம் அதுதான் அதிக ஆபத்து. சிறுநீர் கட்டியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள், சோடியம் எவ்வளவு, நெஞ்சுச்சளி உண்டா, காது மிஷினும் கண்ணாடியும் வீட்டிலேயே தங்கிவிட்டனவா என்று வரிசையாகத் தேட வேண்டும். அந்த சிஸ்டரிடம் பேசாமல் கேஸ் ஷீட்டை மட்டும் புரட்டுகிற டாக்டருக்கு இது தென்படாது.

சரி, சேரும் முன்பு என்ன விசாரிக்கலாம்? துறைத் தலைவரின் பட்டங்களை விட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே படிக்கிற இரண்டாம் வருடத்துப் பிள்ளையைப் பிடித்து டீ வாங்கிக்கொடுத்துக் கேளுங்கள். குடும்பத்தோடு பேசும்போது உங்களையும் உட்கார வைக்கிறாரா? இனி வென்டிலேட்டர் வேண்டாம், மூக்கில் ட்யூப் போட்டும் பயனில்லை என்பது போன்ற கஷ்டமான பேச்சை அவர் எப்படிப் பேசுகிறார் என்று காதால் கேட்டிருக்கிறீர்களா, இல்லை அந்த நேரத்தில் உங்களை டிஸ்சார்ஜ் சம்மரி எழுத அனுப்பிவிடுகிறாரா? பிசியோதெரபிஸ்ட் சொல்வதைக் காதில் வாங்குகிறாரா? நோயாளியின் வீட்டைப் போய்ப் பார்க்கும் பழக்கம் உண்டா? வீட்டைப் பார்க்காமல் முதியோர் மருத்துவம் பழகவே முடியாது என்பது என் கட்சி. கழிவறைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு படிக்கட்டு, வழுக்கும் மொசைக் தரை, இரவில் எரியாத பல்பு, மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு. இடுப்பெலும்பு ஏன் முறிந்தது என்று எக்ஸ்ரே சொல்லாது. மூத்தவரின் பெயரில் கட்டுரை எழுதிக்கொடுக்கவும் அவருடைய கிளினிக்குக்கு ஆள் சேர்க்கவும் ஜூனியர்களைப் பயன்படுத்தும் இடங்களும் இருக்கின்றன. அங்கே மூன்று வருடம் இருந்தால் பட்டம் கிடைக்கும், அவ்வளவே.

டாக்டர் அல்லாதவர்களுக்கு இன்று வழி இன்னும் அகலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வலிநிவாரண நர்ஸும் வீடு தேடிப் போகிறார்கள். பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்துவிட்டு விளையாட்டு வீரர்களை மட்டும்தான் பார்ப்பேன் என்று காத்திருக்கும் தம்பி தங்கைகள் ஒரு வாரம் அந்த வண்டியில் ஏறிப் போய்ப் பார்க்கலாம். பக்கவாதம் வந்து கிடந்தவர் வாசல் திண்ணைவரை வந்து உட்கார்வதைப் பார்த்த பிறகு மனது மாறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். விழுங்கும் பயிற்சி கொடுக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், டயட்டீஷியன், சமூகப் பணியாளர், எல்லோருக்கும் இடம் உண்டு. கோவையைச் சுற்றி எழுந்திருக்கும் முதியோர் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போக நினைக்கும் நர்ஸ்களும் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஜெர்மனியில் நர்ஸாக முழு அங்கீகாரம் பெற பொதுவாக பி2 அளவு (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஒரு படி) ஜெர்மன் மொழி வேண்டும். ஜப்பானில் பராமரிப்பு வேலைக்கு மொழித் தேர்வோடு பராமரிப்புத் திறன் தேர்வும் உண்டு. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு அக்காவிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போவதற்கு முன் இங்கே ஒரு முதியோர் வார்டில் சில மாதங்கள் வேலை செய்திருந்தால் அங்கே முதல் நாள் கை நடுங்காது.

கடைசியாக, கற்றுக்கொடுக்க யாருமே இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றி. ஏஜென்சியிலிருந்து வரும் அட்டெண்டர்கள். முதியவரோடு ஒரு நாளில் மிக அதிக நேரம் இருப்பவர் இவர்தான். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த, வீட்டுக் கஷ்டத்துக்காக 24 மணி நேர டியூட்டி எடுத்த ஒரு பெண். ஏஜென்சி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும், ஒரு யூனிஃபார்ம் கொடுக்கும், அனுப்பிவிடும். சான்றிதழ்ப் பயிற்சிகள் இருக்கின்றன, ஆனால் படித்துவிட்டு வருகிறவர்கள் சொற்பம். அந்தப் பெண் தொழில் பழகுவது நம் அப்பாவின் உடம்பிலேதான்.

வார்டில் தினமும் பார்க்கலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, நோயாளியின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுப்பார் அட்டெண்டர். பக்கவாதம் வந்த தோள் அதிலேயே நழுவிப்போகும், இழுக்கிற அட்டெண்டரின் இடுப்பும் போகும். எங்கள் பிசியோ அம்மா அந்தப் பெண்ணைத் திட்ட மாட்டார். “இங்க வாம்மா, நான் பிடிக்கிறேன், நீ பாரு” என்பார். நாற்காலியை நல்ல கை கால் இருக்கும் பக்கம் போடு. சக்கரம் இருந்தால் லாக் பண்ணு. ஐயாவைக் கட்டில் விளிம்புவரை நகர்த்து, பாதம் இரண்டும் தரையில் முட்டிக்குச் சற்றுப் பின்னால் வரட்டும். இடுப்பில் பிடி, தோளில் வேண்டாம். “ஐயா, மூணு சொன்னதும் முன்னால சாஞ்சு எழுந்திரிங்க.” ஒன்று, இரண்டு, மூன்று. பாதி பாரத்தை அவரே தூக்கிவிடுவார். பிறகு அந்தப் பெண்ணைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்பார். சாப்பாடு ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைப்பது, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாமல் இருப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து முதுகெலும்பு முனையிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாமே இப்படித்தான், கையைப் பிடித்துத்தான்.

அதனால் அப்பா அம்மாவை டிஸ்சார்ஜ் செய்யப் போகிறவர்கள் பில் கட்டும் அன்று மட்டும் அட்டெண்டரை வரச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் முன்பே வார்டுக்கு வரவழையுங்கள், அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுங்கள், நர்ஸிடமும் பிசியோவிடமும் “இவங்களுக்குக் கொஞ்சம் காட்டிக் கொடுங்க” என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு நம்பரை வாங்கி அந்தப் பெண்ணின் போனிலேயே பதிந்துவிடுங்கள்.