பேர் போடுற இடம்தானே என்று சொல்லாதீர்கள் தம்பிகளா

ரத்தம் சொட்டுகிற எழுத்தில் டைட்டில் (படத் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் பகுதி) கேட்டு இன்னொரு குறும்படம் என் மேசைக்கு வந்திருக்கிறது. காரைக்குடியில் எடிட்டிங் பார்க்கிறவனுக்கு இது புதிதில்லை, வழக்கமாகக் கேட்டதைச் செய்துகொடுத்து அனுப்பிவிடுவேன். ஆனால் இந்தப் படம் நிஜமாகவே நன்றாக இருந்தது, அதனால்தான் வயிறு எரிகிறது.

கதையைச் சொல்லிவிடுகிறேன், எடுத்த பையனிடம் கேட்டுக்கொண்டுதான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், ஆச்சி மட்டும் தனியாக. ராத்திரியானால் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டே வருகிறார். திருடன் வரப்போகிறான் என்று நாம் பதறிக்கொண்டிருக்க, யாரும் உள்ளே வராமல் இருப்பதற்காக ஆச்சி பூட்டவில்லை, உள்ளே இருக்கிற ஒருவர் வெளியே வராமல் இருப்பதற்காகப் பூட்டுகிறார் என்பது கடைசி நிமிஷத்தில்தான் தெரிகிறது. இதற்குத் தம்பி கேட்ட டைட்டில்: மேலே ட்ரோன், அப்புறம் கறுப்புத் திரை, ஒரு அலறல், சிவப்பு எழுத்து, அதன் பின்னால் உள்ளேயிருந்து கதவைச் சுரண்டும் கை. “டைட்டில்லயே ஆளைத் தூக்கிடணும்ணே.” அங்கேயே தூக்கிவிட்டால் மிச்சப் படத்தை எதற்குப் பார்ப்பது?

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. “டைட்டில்தானே அண்ணே, பேர் போடுற இடம், கறுப்புல வெள்ளையா ஓட்டிவிடுங்க.” இரண்டு கட்சிக்கும் ஒரே நோய்தான். டைட்டிலைப் படத்துக்கு வெளியே நிற்கும் சமாச்சாரமாக நினைக்கிறார்கள். அதனால்தான் எல்லா வேலையும் முடிந்த பிறகு, போட்டிக்கு அனுப்பும் முந்தின ராத்திரி, ஏதோ ஒரு டெம்ப்ளேட்டை இறக்கி ஒட்டுகிறார்கள். பேர் போட்டே ஆக வேண்டும், உழைத்தவனுக்கு அது உரிமை, அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்த ஒன்றரை நிமிஷமும் பார்க்கிறவர் கண்ணும் காதும் திறந்துதானே இருக்கின்றன? எழுத்தின் தடிமன், அது வரும் வேகம், பின்னால் ஓடும் சத்தம், நிறம் எல்லாவற்றையும் வைத்து இது சிரிக்கிற படமா, அழுகிற படமா, யாரை நம்பலாம் என்று அவர் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார். நீங்கள் யோசித்துச் செய்தாலும் போடுவார், யோசிக்காமல் செய்தாலும் போடுவார். யோசிக்காமல் செய்தால் தப்புக் கணக்கு, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே டைட்டில் முடியும்வரை தியேட்டர் திரைச்சீலையை விலக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1955-ல் ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ வந்தபோது, டைட்டிலுக்கு முன்னாலேயே சீலையை விலக்க வேண்டும் என்று ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு எழுதி படப்பெட்டியோடு அனுப்பினார்கள். அந்த டைட்டிலில் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல் கோணலாக நிற்கும் ஒரு கை, படமோ போதைக்கு அடிமையானவனின் கதை. அந்த டைட்டிலை வடிவமைத்தவர் சால் பாஸ்.

அவரே 1960-ல் ஹிட்ச்காக்கின் விடுதிக் கொலைப் படமான ‘சைக்கோ’வுக்குச் செய்ததைத்தான் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன். அதில் கத்தி கிடையாது, விடுதி கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. சாம்பல் நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் பாய்கின்றன, பெயர்கள் துண்டு துண்டாகப் பிளந்து, சேர்ந்து, மறுபடி பிளக்கின்றன. மேலே பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் நரம்பை இழுக்கின்றன. மனம் பிளந்த ஒருவனின் கதை என்று படம் முடிந்த பிறகுதான் உறைக்கும், ஆனால் உடம்பு அப்போதே தயாராகிவிடும். ‘செவன்’ (1995) இன்னும் துணிச்சல். கொலைகாரனின் விரல்களையே டைட்டிலில் காட்டுகிறார்கள், பிளேடால் விரல் நுனித் தோலைச் சீவுகிறான், நோட்டுப் புத்தகத்தைத் தைக்கிறான். முகம் காட்டவில்லை. அந்த வேடத்தில் நடித்தவரின் பெயரைக்கூடத் தொடக்கத்தில் போடவில்லை.

‘அதெல்லாம் ஹாலிவுட் காசு’ என்று ஆரம்பிக்காதீர்கள். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் டைட்டில், சொரசொரப்பான கைக்காகிதத்தில் கையால் எழுதிய எழுத்து, அவ்வளவுதான். ஏழை வீட்டுக் கதைக்கு வேறென்ன வேண்டும்? நம் பக்கம் 1992-ல் ‘அண்ணாமலை’யில் தேவா இசையோடு சூப்பர் ஸ்டார் பெயர் எழுத்து எழுத்தாக வந்ததே, அதுவும் சரியான டைட்டில்தான், திருவிழாவுக்கு வந்திருக்கிறாய் என்று சொல்லிவிடுகிறது. அதையே அப்பா செத்துப்போன கதைக்குக் காப்பியடித்துக்கொண்டு வருகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

ஏவி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ (1947) எடுத்த ஊர் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் டைட்டில் என்றால் அட்டையில் ஓவியர் கையால் எழுதி, ஒவ்வொரு அட்டையாகக் கேமராவில் பிடிக்க வேண்டும். யோசிக்காமல் ஒரு அட்டைகூட எழுத முடியாது.

குறிப்புக் காட்டுவதும் கதையைக் கொட்டுவதும் வேறு வேறு. நம் செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு நிலைவாசலைப் பாருங்கள், கஜலட்சுமி செதுக்கியிருக்கும், வாசலில் நிற்கும்போதே வீட்டுக்காரரின் செல்வமும் பக்தியும் தெரிந்துவிடும். உள்ளே இரண்டாங்கட்டில் என்ன சண்டை நடக்கிறது என்று தெரியாது.

ஆச்சி படத்துக்குக் கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். ட்ரோன், அலறல் எல்லாம் போச்சு. வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக இருக்கும் அறைக் கதவுகள், ஒவ்வொன்றிலும் பூட்டு, நாதாங்கி எல்லாம் வெளிப்பக்கம். நம் ஊர் வீட்டில் அது சாதாரணம், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாவி திரும்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர், ஒல்லியான வெள்ளை எழுத்தில், ஓரமாக. இசை இல்லை, சுவர்க் கடிகாரம் மட்டும். ஒரே ஒரு கதவில் மட்டும் பூட்டு இரண்டு. அதன்மேல் கேமரா நிற்காது, மற்றக் கதவுகளைப் போலவே கடந்து போய்விடும். இரண்டாம் முறை பார்க்கிறவருக்கு அது போதும்.

சரி, இனி எடுக்கப்போகிறவர்களுக்கு. டைட்டிலைத் திரைக்கதையிலேயே எழுதுங்கள், ஷூட்டிங்கிலேயே அதற்கான ஷாட்டை எடுங்கள். கடைசித் திருப்பத்தில் வரும் எந்தக் காட்சியையும் டைட்டிலில் வைக்காதீர்கள், மங்கலாக்கிக்கூட வேண்டாம். இசையமைப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள், இணையத்தில் கிடைத்த பேய்ச் சத்தத்தை இழுத்துப் போடாதீர்கள். நன்றி கார்டு, ஸ்பான்சர், மாமா கடை விளம்பரம் எல்லாவற்றையும் முன்னால் குவிக்காதீர்கள், படம் தொடங்குமுன்பே ஆள் சலித்துவிடுவார். எழுத்தைப் போனில் ஒரு தடவை, பெரிய திரையில் ஒரு தடவை படித்துப் பாருங்கள். யூனிகோட் எழுத்து சில மென்பொருளில் கொம்பு தனி, எழுத்து தனி என்று சிதறும், அதைக் கவனிக்காமல் போட்டிக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டைட்டில் ஓடும்போது தாண்டிப்போகும் பட்டனை அழுத்தாதீர்கள், தியேட்டரில் என்றால் செல்போன் வெளிச்சத்தில் சீட்டு நம்பர் தேடாமல் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

அப்புறம் தம்பிகளா, நடித்தவர்கள், உதவி செய்தவர்கள் பெயரை அவர்களிடமே காட்டி எழுத்துச் சரிபார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். எல்லாம் ரெண்டர் ஆகி முழு வீடியோவாக வெளியே வந்த பிறகு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு “அண்ணே, ஒரே ஒரு ‘ள’ மட்டும் மாத்தணும்” என்று போன் வந்தால் எடுக்க மாட்டேன்.