நிறைந்தே திரும்பும் தண்ணீர் பாட்டில்

ஜூன் பிறந்து இரண்டு வாரம் போனால் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் வயிற்றுவலிக்காரர்கள் கூடிவிடுவார்கள். திங்கள் காலை துடிக்க வைக்கும் வலி, சனிக்கிழமை எட்டிக்கூடப் பார்க்காது. "பள்ளி மாற்றினீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி, நான்காம் வகுப்புச் சிறுமி. அப்பாவுக்கு வேலை மாற்றம், நெல்லையிலிருந்து சென்னை. அவளுக்கு வந்தது நிஜ வலி. சிறுநீர் போகும்போது எரிச்சல், பரிசோதனையில் தொற்று. "பாட்டில் தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது டாக்டர்" என்றார் அம்மா.

மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். முதல் நாள் கழிப்பறைக்குப் போக எழுந்தவள், பழைய பழக்கத்தில் "டீச்சர்" என்று கூப்பிட்டிருக்கிறாள். அங்கே எல்லோருக்கும் "மிஸ்". வகுப்பே சிரித்துவிட்டது. பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்?

பாடம் புரிகிறதா, ஆங்கிலம் வருகிறதா என்று பெற்றோர் துளைத்தெடுக்கிறார்கள். குழந்தையின் கவலையோ கழிப்பறை எங்கே, சாப்பாட்டு மணி அடித்தால் யார் பக்கத்தில் உட்காருவது என்பதுதான். முடிந்தால் பள்ளி திறக்கும் முன்பே ஒருமுறை கூட்டிப்போய் கழிப்பறை, குடிநீர்க் குழாய், வேன் நிற்கும் இடம் மூன்றையும் காட்டிவிடுங்கள். முதல் வாரமே டியூஷனில் தள்ளாதீர்கள். பழைய தோழியிடம் தொலைபேசியில் பேச விடுங்கள். "அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்" என்று தடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சேர்க்கையையும் தள்ளிப்போடாதீர்கள். தாமதமாகப் போகும் பிள்ளை வந்து சேர்வதற்குள் மற்றவர்களுக்குப் பெஞ்சுக் கூட்டாளிகள் அமைந்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுபவர்களை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

சில வாரம் முரண்டு பிடிப்பது இயல்பு. ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பிவிட்டது என்றால் மருத்துவரிடம் வாருங்கள்.

அந்தச் சிறுமிக்குத் தொற்று மருந்திலேயே அடங்கியது. மற்றதை அம்மா வகுப்பாசிரியரிடம் சொன்னார். இடைவேளையில் துணைக்குப் போக ஆசிரியர் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார். மறுபரிசோதனைக்கு வந்த அன்று பாட்டில் காலி. பாதியை அந்தப் பெண்ணே குடித்துவிடுகிறாள் என்று என்னிடம் புகார்.