வெள்ளி நீர்வீழ்ச்சியில் தொடங்கும் மேகம்

வத்தலக்குண்டிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்: "எங்க ஊரிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது. பஸ் ஏறிப் போனால் அங்கே மேகத்தைக் காணோம், வெறும் பனிமூட்டம்தான். மேகம் எங்கே போனது?"

எங்கேயும் போகவில்லை. நீங்கள்தான் அதற்குள் போய்விட்டீர்கள். கீழிருந்து பார்ப்பவருக்கு மேகம், உள்ளே நிற்பவருக்கு மூட்டம்.

ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும், அழுத்தம் குறைவதால் விரியும், விரிவதால் குளிரும், நீராவி துளியாகும். இது பள்ளிப்பாடம். அது எந்த உயரத்தில் நடக்கும் என்பதைக் கீழே நின்றபடியே கணக்குப் போட முடியும் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஐஸ்துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கத் தொடங்கும்போது தண்ணீரின் வெப்பநிலை என்னவோ, அதுதான் அன்றைய காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. அது 20 டிகிரி, வெயில் 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஏறும் காற்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். பனிநிலையும் கூடவே இறங்கும், ஆனால் 2 டிகிரிதான். அதனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்கும். அது முழுதும் சுருங்கிப்போகும் உயரத்தில்தான் மேகம் தொடங்கும். அதாவது ஒரு டிகிரிக்கு 125 மீட்டர். நம் இடைவெளி 12 டிகிரி. ஆக 1500 மீட்டர். வத்தலக்குண்டு இருப்பது சுமார் 300 மீட்டர் உயரத்தில். கூட்டினால் 1800. கொடைக்கானல் போகும் வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கும் உயரமும் ஏறக்குறைய அதுதான்! அன்று பஸ் அங்கே வரும்போது ஜன்னல் கண்ணாடி நனையும், முன்சீட்டுக்காரர் தலைமுடியில் பொடிமணிகள் கோக்கும்.

பஞ்சுப்பொதிபோல் குவியும் திரள் மேகங்களின் அடிப்பக்கம் அரிவாளால் சீவியதுபோல் தட்டையாக இருப்பதும் இதனால்தான். ஒரே காற்று, ஒரே உயரத்தில் துளியாகிறது. ஐப்பசி அடைமழையில் வெயில் 26, பனிநிலை 23 என்றால் மேகத்தின் தரை 700 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். அப்போது மலையே காணாமல் போகும்.

சின்னத் திரள் மேகம் மழை தராது. ஆனால் துளியாகும்போது நீராவி வெப்பத்தை வெளிவிடுகிறது, அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. சித்திரை, வைகாசி மதியங்களில் இப்படியே 12 கிலோமீட்டரையும் தாண்டி வளர்வதுதான் கார்திரள் மேகம்: இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டி. போர்வைபோல் விரியும் படை மேகம் தூறலோடு நிறுத்திக்கொள்ளும். அப்புறம் கீற்று மேகம். உச்சியில் இருக்கும் பனிப்படிகம் அது, அதன் மழை தரைக்கு வராது.

பனிப்படிகத் திரை பரவலாக மூடினால் நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரியும். "அகல்வட்டம் பகல்மழை" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். எல்லா முறையும் பலிக்காது. ஆனாலும் அது வானத்தை வருஷக்கணக்கில் உற்றுப் பார்த்தவர்களின் பேச்சு. மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்வதோடு அதைச் சேர்க்கக் கூடாது.

சென்னை மாகாணத்துப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்துத்தான் 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. மலையில் ஒரு சரிவில் கொட்டும் மழை அடுத்த சரிவில் இருக்காது. அதனால் மலைக்கிராமப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மழைமானியாவது தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பணமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, அடுத்த முறை மலை ஏறும் முன் டம்ளர் சோதனையைச் செய்து, உயரத்தைக் குறித்து வையுங்கள். கண்ணாடி எந்த வளைவில் நனைந்தது என்று எனக்கு எழுதுங்கள்.