11 மாச அக்ரிமென்ட்டை நம்பி கடை நடத்துறவங்களுக்கு

நம்ம வக்கீல் ஆபீசுக்கு மறுபடியும் ஒரு கடைக்காரர், கையில கசங்கின முத்திரைத்தாள், அதுல 11 மாச அக்ரிமென்ட், அது முடிஞ்சே பல வருஷம் ஆச்சு, அப்புறம் எல்லாம் வாய்ப்பேச்சுதான். பில்டிங் ஓனர் காலமாகி இப்ப பையன் காலி பண்ணச் சொல்றாராம்.

11 மாசம்னா ரிஜிஸ்டர் பண்ண வேணாம்னு ஸ்டாம்ப் வெண்டர்ல இருந்து புரோக்கர் வரைக்கும் எல்லாரும் சொல்றாங்க. அது சார்பதிவாளர் ஆபீஸ் விஷயங்க, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைத்தான் அங்க கட்டாயம் பதியணும், அதுவரைக்கும் சரி. ஆனா தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு, அதுப்படி நகரப்பகுதியில கடையோ வீடோ, 11 மாசமோ 5 வருஷமோ, அக்ரிமென்ட்டை எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும். அது வேற பதிவு, இது வேற பதிவு, ஆன்லைன்லயே பண்ணலாம். "இருபது வருஷமா இருக்கேன், யாரு அசைக்க முடியும்"னு தெம்பா பேசுறதெல்லாம் பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோட போச்சு. இப்ப அக்ரிமென்ட் போடலங்கறதே காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம், பிரிவு 21ல அதுதான் முதல்லயே நிக்குது.

காலம் முடிஞ்சும் புதுப்பிக்கலன்னா பழைய அக்ரிமென்ட்டே அதிகபட்சம் ஆறு மாசம், மாசாமாசம்னு ஓடும். அதுக்கப்புறமும் உக்காந்திருந்தா முதல் ரெண்டு மாசம் இரட்டை வாடகை, பிறகு நாலு மடங்கு ஓனர் கேக்கலாம். இது தெரியாம அப்பதான் புதுசா ஏசி, ரேக்குன்னு லட்சக்கணக்குல போட்டிருப்பாங்க, பாக்கவே வயிறு எரியுது. ரினிவல் கையெழுத்தாகாம பத்து பைசா போடாதீங்க.

ஓனருங்களே, நீங்களும் கேளுங்க. கரண்ட்டை, தண்ணிய கட் பண்றது, ராத்திரியோட ராத்திரியா வேற பூட்டு போடறது ரெண்டும் தப்பு. அப்படி வெளிய தள்ளினா ஆறு மாசத்துக்குள்ள வாடகைக்காரர் கேஸ் போட்டு சாவியத் திரும்ப வாங்கலாம், அந்தக் கேஸ்ல பட்டா உங்க பேருல இருக்குங்கறது உதவாது.

வாடகைக்காரங்க கோவத்துல வாடகைய நிறுத்திடாதீங்க. ரெண்டு மாச பாக்கி போதும், அதவச்சே காலி பண்ணச் சொல்லலாம். ஓனர் வாங்க மறுத்தா மணியார்டர்ல அனுப்புங்க, ரசீதை பத்திரமா வைங்க. அட்வான்ஸும் பேங்க் வழியாவே குடுங்க, கையில குடுத்துட்டு அப்புறம் சாட்சி தேடி அலைய முடியாது. நோட்டீஸ் வந்தா தயவுசெஞ்சு கல்லாப்பெட்டில போட்டு வைக்காதீங்க, அந்த வாரமே யாராவது ஒரு வக்கீலப் பாருங்க, நீங்க வராததால உங்க தரப்பைக் கேக்காமலே எக்ஸ்பார்ட்டி ஆர்டர் ஆனப்புறம் வந்து நின்னா எங்க வேலையும் உங்க செலவும் ரெண்டு மடங்கு ஆயிடும்.