சொல் விளக்கம்: ராக் பேண்ட்

தர்மபுரியில் கல்லூரிக்குப் போகும் அக்கா மகன், பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து நால்வர் குழுவைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். முதல் வரியிலேயே ‘உலகப் புகழ்பெற்ற பாறை இசைக்குழு’ என்றிருந்தது. பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை பார்க்கும் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “நாங்க அறுக்கிற கல்லுல பாட்டு வேற இருக்குதாடா?” என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் ராக் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. பாறையைக் குறிப்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. இசைக்குப் பெயரானது வேறு. குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த வினைச்சொல். கடலில் கப்பல் சாய்ந்தும் புரண்டும் ஆடுவதற்கு ‘ராக்’, ‘ரோல்’ இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் அதுவே வழிபாட்டுப் பரவசத்துக்கும் ஆயிற்று, படுக்கையறைக் கொச்சைக்கும் ஆயிற்று. 1950களில் ஆலன் ஃபிரீட் என்ற வானொலி அறிவிப்பாளர் அதை ஓர் இசை வகையின் பெயராகப் பரப்பினார். பிற்பாடு வால் உதிர்ந்து ராக் மட்டும் நின்றது. ஆக, நம் தாலாட்டில் இருக்கும் ‘ஆட்டு’தான் இதற்குப் பக்கத்துச் சொல். அதற்காக ‘ஆட்டிசை’ என்று எழுதினால் மேய்ச்சல் ஞாபகம் வரும். ராக் என்றே விட்டுவிடலாம்.

அவன் கட்டுரையில் ‘பிரபலப் பண்பாடு’ என்றும் ஒரு தொடர் இருந்தது. ‘பாப்புலர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘மக்கள்’ என்று பொருள். புகழ் பிறகு ஒட்டிக்கொண்டது. வெகுமக்கள் பண்பாடு என்பதே பொருந்தும்.

சரி, பேண்ட்? ஆட்கள் திரண்ட கூட்டம், குறிப்பாகப் படைக்கூட்டம், பிறகு பட்டாளத்தில் வாசிப்பவர்கள் என்று பொருள் நகர்ந்தது. கல்யாண ஊர்வலத்தில் சீருடையோடு வரும் பேண்டு செட்டு அந்த வழிதான். இசைக்குழு என்பது பிழையில்லாத தமிழ், ஆனால் கொஞ்சம் அலுவலக வாடை. நாதசுரக் குழுவைப் பெரிய மேளம், சதிராட்டக் குழுவைச் சின்ன மேளம் என்றபோது மேளம் என்பதற்கே குழு என்றுதான் பொருள். நம் பக்கத்துத் தெருக்கூத்துக்காரர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கும் சொல் ‘ஜமா’. அரபு வேர், கூடியிருப்பது என்று பொருள்.

எனக்கு ஜமாதான் பிடிக்கும். ஒரு ஜமாவைக் கவனித்தால் ஊர் தெரிந்துவிடும்: அச்சாரம் கொடுப்பது யார், பெண் வேடம் கட்டும் ஆண் யார், ஆர்மோனியத்தில் எந்தச் சினிமா மெட்டு நுழைந்தது. பீட்டில்ஸையும் அப்படித்தான் படிக்கிறார்கள். லிவர்பூல் என்ற துறைமுக ஊர், அவர்கள் வாசித்துப் பழகிய ஜெர்மனியின் ஹாம்பர்க் இரவு விடுதிகள், கையில் காசு புழங்கத் தொடங்கிய பதின்வயதினர். 1964 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி. அடுத்த ஆண்டே அவர்கள் பாட்டில் சிதார். 2009இல் லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகம் இதற்கென்றே முதுகலைப் படிப்பைத் தொடங்கியது.

மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அச்சாரம் வாங்குனது யாரு?” என்றார். அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டைன், லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். தோல் சட்டையோடு திரிந்த நால்வருக்கும் கோட்டு சூட்டு மாட்டிவிட்டவரும் அவரே.