கனடாவில் ஈசிஈ படித்து பிஆர் வாங்குவது எப்படி: பின்னாலிருந்து ஒரு கணக்கு

"ஈசிஈ படித்தால் கனடாவில் பிஆர் உறுதி என்கிறார்கள், சேரலாமா?" இந்தக் கேள்வியைப் பலர் கல்லூரிக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈசிஈ என்கிற எர்லி சைல்ட்ஹுட் எஜுகேஷன், பள்ளிக்குப் போகும் முன் உள்ள சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு கற்பிக்கும் தொழிலுக்கான படிப்பு. இதைப் படித்து முடித்ததற்காக மட்டும் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, தரும் திட்டம் எதுவும் கனடா மத்திய அரசிடம் இல்லை. ஸ்டடி பெர்மிட், படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பெர்மிட், மாகாணத்தின் தொழில் பதிவு, பிஆர் விண்ணப்பம் என்று நான்கு தனித்தனிப் படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விதி. முதல் படியில் அனுமதி கிடைத்தது என்பதற்காக இரண்டாவது படியில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அதே சமயம் இந்தத் தொழிலுக்கு அங்கே தேவை உண்மையாகவே இருக்கிறது. 2021 பட்ஜெட்டில் கனடா அரசு குழந்தைப் பராமரிப்புக்கு 5 ஆண்டுகளில் 3,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பெற்றோர் கட்டும் கட்டணத்தைச் சராசரியாக ஒரு நாளைக்கு 10 டாலராகக் குறைப்பது, 2026 மார்ச்சுக்குள் 2,50,000 புது இடங்களை உருவாக்குவது என்று இலக்கும் வைத்தது. கட்டணம் குறைந்ததும் டேகேரில் இடம் கேட்டு வரிசை நீண்டது. புது இடம் திறக்க வேண்டுமானால் தகுதி பெற்ற ஆட்கள் வேண்டும். குடியேற்றத் துறையின் கண் இந்தத் தொழில் மேல் விழுந்த பின்னணி இதுதான்.

நான்கு படிகளையும் கடைசியிலிருந்து முதலுக்கு வந்து பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்து. எந்தக் கல்லூரி என்பது கடைசியில் முடிவாக வேண்டிய விஷயம். நம் ஆட்கள் அதைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள்.

பிஆர்: எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கு

கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் என்ஓசி என்ற தொழில் எண் உண்டு. ஈசிஈ ஆசிரியரும் உதவியாளரும் 42202 என்ற எண்ணில் வருகிறார்கள். இது 'டீயர் 2' வகை, அதாவது திறன் தொழில். இந்த வேலையில் கனடாவுக்குள்ளேயே ஒரு வருட அனுபவம் இருந்தால், கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் பிரிவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் பெயர் பதியலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் வைத்து பிஆருக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மத்திய அரசின் முறை. டீயர் 2 வேலைக்கு மொழித் தகுதி சிஎல்பி 5 இருந்தால் போதும்; சிஎல்பி என்பது மொழித் திறனை அளக்கக் கனடா வைத்திருக்கும் அளவுகோல்.

ஆனால் பெயர் பதிவது வேறு, பிஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு வருவது வேறு. அழைப்பு சிஆர்எஸ் என்ற மதிப்பெண்ணை வைத்து வருகிறது. 2025-இல் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸுக்கு நடந்த பொதுச் சுற்றுகளில் கட் ஆஃப் 500-க்கு மேலேயே நின்றது. அந்த வருடம் பிப்ரவரியில் கல்வித் துறைக்கென்று தனிப் பிரிவை அறிவித்து, அதில் 42202-ஐயும் சேர்த்தார்கள். மே 1 அன்று நடந்த முதல் சுற்றில் 1,000 பேருக்கு அழைப்பு போனது. கட் ஆஃப் 479. செப்டம்பரில் 2,500 பேர். கட் ஆஃப் 462. பொதுச் சுற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகைதான்.

இப்போது ஒருவரை எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்போம். வயது 27, திருமணம் ஆகவில்லை. 3 வருட இளங்கலைப் பட்டம், கனடாவில் 2 வருட ஈசிஈ டிப்ளமோ, அங்கேயே ஒரு வருட வேலை. வயதுக்கு 110, படிப்புக்கு 128, கனடா வேலைக்கு 40, கனடாவில் படித்ததற்கு 15, படிப்பு மொழித் திறனோடும் கனடா அனுபவத்தோடும் சேர்வதற்கு 50. இதோடு மொழி மதிப்பெண்ணைச் சேர்க்க வேண்டும். நான்கு பகுதியிலும் சிஎல்பி 9 இருந்தால் 124, மொத்தம் 467. சிஎல்பி 7 என்றால் 68, மொத்தம் 411. மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தும் 56 மதிப்பெண் வித்தியாசம். 467 வைத்திருப்பவருக்குச் செப்டம்பர் சுற்றில் அழைப்பு வந்திருக்கும். 411 வைத்திருப்பவருக்கு இரண்டு சுற்றிலுமே வந்திருக்காது.

சிஎல்பி 9 என்பது ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் தேர்வில் லிசனிங் 8, மற்ற மூன்றும் தலா 7. சிஎல்பி 7 என்பது நான்கிலும் 6. இவ்வளவு செலவழித்துப் படிக்கப் போகிறவர்கள் ஆங்கிலத் தேர்வை "பாஸ் ஆனால் போதும்" என்று விட்டுவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இரண்டு வருடப் படிப்பு கூடுதலாகத் தருவதைவிட, ஆறு மாதம் ஒழுங்காக உட்கார்ந்து தயார் செய்யும் மொழித் தேர்வு அதிகம் தரக்கூடும்.

வயதும் அப்படித்தான். 30-இலிருந்து 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5, 6 மதிப்பெண் குறையும். 35-இல் வயதுக்கான புள்ளி 77 ஆகிவிடும். பிஆருக்கு அழைப்பு வரும் நாளில் உங்கள் வயது என்ன என்பதுதான் கணக்கு, கல்லூரியில் சேரும் நாளின் வயது அல்ல. படிப்பு 2 வருடம், வேலை ஒரு வருடம், இடையில் சில மாதங்கள் என்று கூட்டிப் பாருங்கள். வயது சற்றுக் கூடியவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. சொந்த நாட்டில் திறன் தொழிலில் 3 வருடம் வேலை பார்த்த சான்று இருந்தால், கனடா அனுபவத்தோடும் நல்ல மொழி மதிப்பெண்ணோடும் சேர்ந்து இன்னொரு 50 வரை கிடைக்கும்.

கனடா நிறுவனத்தின் வேலை ஆஃபர் கடிதத்துக்கு முன்பு 50, 200 என்று புள்ளி இருந்தது. 2025 மார்ச் 25-இலிருந்து அது கிடையாது. "ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறேன், மார்க் ஏறும்" என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த ஒரு வருட வேலை

ஒரு வருடம் என்பது 1,560 மணி நேரம், வாரம் 30 மணி கணக்கில். வாரம் 45 மணி உழைத்தாலும் 30 மட்டுமே எண்ணப்படும். சீக்கிரம் முடிக்க வழியில்லை. முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலை, படிப்பின் பகுதியாகச் செய்த பயிற்சி எதுவும் இதில் சேராது. டேகேர்களில் ஆரம்பத்தில் 'சப்ளை' வேலைதான் பலருக்குக் கிடைக்கும். யாராவது லீவு போட்டால் அழைப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. ஒர்க் பெர்மிட் ஓடிக்கொண்டிருக்கும், மணிக்கணக்கு ஏறாது. நிரந்தர நேர ஒதுக்கீடு உள்ள இடத்தை முதல் சில மாதங்களிலேயே பிடிக்கப் பாருங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு குழப்பம். ஒருவர் வீட்டுக்குப் போய் அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை 44100 என்ற வேறு எண், டீயர் 4. கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸுக்கு அது உதவாது. கையில் ஈசிஈ டிப்ளமோ இருந்தாலும், நீங்கள் செய்த வேலை எந்த எண்ணில் வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயரோடு வாரத்துக்கு எத்தனை மணி, என்ன சம்பளம், என்னென்ன பொறுப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். வேலையை விடும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாகாணப் பதிவு

இங்கே ஒரே கனடா கிடையாது. ஒன்டாரியோவில் 'எர்லி சைல்ட்ஹுட் எஜுகேட்டர்' என்று உங்களை அழைத்துக்கொள்ளவே அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றத்தில் உறுப்பினராக வேண்டும்; 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட 2 வருட டிப்ளமோவோ அதற்கு இணையானதோ தேவை. 'எர்லி சைல்ட்ஹுட் அசிஸ்டன்ட்' என்ற பெயரில் விற்கப்படும் குறுகிய படிப்பு அந்தப் பதிவுக்குச் செல்லாது. பெயர் ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாந்தவர்கள் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாண ரெஜிஸ்ட்ரி சான்றிதழ் தருகிறது. அங்கே 5 வருடச் சான்றிதழுக்கு 500 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள். ஆல்பர்ட்டாவில் லெவல் 1, 2, 3. லெவல் 3-க்கு 2 வருட டிப்ளமோ. கியூபெக்கைப் பொறுத்தவரை பிரெஞ்சும் தனிக் குடியேற்ற முறையும் உள்ள இடம், எக்ஸ்பிரஸ் என்ட்ரி அங்கே பொருந்தாது.

கிழக்குக் கடலோரத்தில் உள்ள நான்கு அட்லாண்டிக் மாகாணங்களைப் பலர் நினைப்பதே இல்லை. அங்குள்ள அரசு நிதி பெறும் கல்லூரியில் 2 வருடப் படிப்பை முடித்து, பட்டம் பெறுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் 16 மாதமாவது அங்கேயே வசித்திருந்தால், அட்லாண்டிக் இமிக்ரேஷன் புரோகிராம் என்ற பிஆர் திட்டத்தில் முன் அனுபவம் கேட்பதில்லை. மாகாணம் அங்கீகரித்த நிறுவனத்தின் முழுநேர வேலை ஆஃபரும் மாகாணத்தின் ஒப்புதலும் வேண்டும். இங்கே சிஆர்எஸ் போட்டி இல்லை என்பது பெரிய நிம்மதி.

படிப்புக்குப் பின் ஒர்க் பெர்மிட்

அதிகம் பேர் விழுகிற இடம் இதுதான். இந்த பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். 8 மாதத்துக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும். 2 வருடத்துக்குக் குறைவென்றால் படிப்பு எவ்வளவோ பெர்மிட்டும் அவ்வளவு, 2 வருடமும் அதற்கு மேலும் என்றால் 3 வருடம். ஒரு வருடப் படிப்பைத் தேர்ந்தால், வேலை தேடுவதும் 1,560 மணி சேர்ப்பதும் ஒரே வருடத்துக்குள் நடக்க வேண்டும். நடைமுறையில் அது மிகவும் கடினம்.

2024 நவம்பர் 1-இலிருந்து இரண்டு புது நிபந்தனைகள் வந்தன. கல்லூரி டிப்ளமோ முடித்தவருக்கு மொழித் தேர்வில் சிஎல்பி 5, பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு 7. அதோடு, அந்தத் தேதியிலிருந்து ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் டிப்ளமோ மாணவர்களின் பாடத்துறை அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். முதலில் வந்த பட்டியலில் ஈசிஈ இல்லை. தேவை இவ்வளவு இருக்கும் தொழிலை விட்டுவிட்டார்களே என்று பலரும் தவித்தார்கள். 2025 ஜூன் 25-இல் கல்வித் துறையையும் சேர்த்தபோது ஈசிஈ உள்ளே வந்தது. ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ, இரண்டில் ஒரு நேரத்தில் உங்கள் துறை பட்டியலில் இருந்தால் போதும். பட்டியல் சிஐபி என்ற பாட எண்ணை வைத்து ஓடுகிறது. உங்கள் படிப்பின் சிஐபி எண் என்ன என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கல்லூரி எது என்பது இப்போதுதான் வருகிறது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி நடத்தும் தனியார் கல்லூரிகளில் 2024 மே 15-இலிருந்து சேர்ந்தவர்களுக்கு இந்த ஒர்க் பெர்மிட் கிடையாது. சான்றிதழில் அரசுக் கல்லூரியின் பெயரே இருந்தாலும் கிடையாது.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. குழந்தைகளோடு வேலை செய்ய, குடியேற்றத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் பெர்மிட்டிலேயே "குழந்தைப் பராமரிப்பு வேலைக்கு அனுமதி இல்லை" என்ற பொருளில் ஒரு வரி அச்சாகி வரும். அந்த வரி இருக்கும்போது டேகேரில் வேலை பார்த்தால் அது அனுமதியற்ற வேலை. அந்த மணிநேரம் பிஆருக்கு உதவாது, பிரச்சினையையும் கொண்டுவரும். ஸ்டடி பெர்மிட் விண்ணப்பத்தின்போதே பரிசோதனையை முடியுங்கள், பெர்மிட் கைக்கு வந்ததும் அதில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

பணம், குடும்பம்

2025 செப்டம்பர் 1-இலிருந்து, கியூபெக் தவிர்த்த இடங்களில், ஒருவர் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். முதல் வருடக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. படிக்கும்போது வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் அதை நம்பிக் கட்டணம் கட்டத் திட்டமிடாதீர்கள். பயிற்சி நாட்களில் வேலைக்கே நேரம் இருக்காது.

கணவனோ மனைவியோ கூட வந்து வேலை பார்க்கலாம் என்பது பழைய விதி. 2025 ஜனவரி 21-இலிருந்து, மாணவரின் துணைக்கு ஓபன் ஒர்க் பெர்மிட் என்பது 16 மாதமும் அதற்கு மேலும் உள்ள முதுகலை, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்பட்டங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே. 2 வருட ஈசிஈ டிப்ளமோ அதில் இல்லை. இரண்டு சம்பளம் வரும் என்ற கணக்கில் கிளம்புகிற குடும்பங்கள் தயவுசெய்து இந்த ஒரு வரியை இரண்டு முறை படியுங்கள்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்டாரியோவில் அரசுத் திட்டத்தில் சேர்ந்த டேகேர்களில் பதிவு பெற்ற ஈசிஈ ஆசிரியருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2024-இல் மணிக்கு 23.86 டாலர். பெருநகர வாடகைக்கு முன் அது பெரிய தொகை இல்லை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், குழந்தைகளைத் தூக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், பனியிலும் வெளியே விளையாட அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகளின் அழுகை எரிச்சலைத் தரும் என்றால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே ஒரு குழந்தை நாள் முழுக்க உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆலோசனைக்குப் பணம் கொடுக்கும் முன், அவர் கனடாவின் குடியேற்ற ஆலோசகர் மன்றத்தில் உரிமம் பெற்றவரா என்று அதன் பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். கல்லூரி ஏஜென்ட் அட்மிஷன் வாங்கித் தரலாம். பிஆர் பற்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அவருக்கு அந்த உரிமமோ வழக்கறிஞர் தகுதியோ வேண்டும். படிப்பின் சிஐபி எண், மாகாணப் பதிவுக்கு அந்த டிப்ளமோ செல்லுமா, ஒர்க் பெர்மிட் கிடைக்கும் கல்லூரியா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணத்தை அனுப்பாதீர்கள்.