கன்னத்தில் ஏன் குருணை? இங்க்ஜெட் போட்டோவில் துளியும் நிறமும்

இங்க்ஜெட்டில் அச்சிட்ட ஒரு குழந்தையின் போட்டோவை எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கன்னத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தோல் நிறம் என்று அங்கே எதுவும் இருக்காது. வெள்ளைத் தாளில் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்புப் புள்ளிகள், இடையிடையே சியான் என்ற பச்சை கலந்த நீலம், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மஞ்சள், அவ்வளவுதான். பிரின்டருக்கு வெளிர் சிவப்பைத் தனியாகக் கலக்கத் தெரியாது. துளியை இடும், அல்லது விடும். துளியின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். மிச்சத்தைத் தாளின் வெள்ளையும் நம் கண்ணும் பார்த்துக்கொள்கின்றன. மணல் தூவினாற்போலத் தெரியும் குருணைக்கும் நிறப் பிழைக்கும் வேர் ஒன்றே: எவ்வளவு வெள்ளையை எவ்வளவு மை மூடுகிறது என்பது.

எப்சன் எல்805 என்ற போட்டோ பிரின்டரை எடுத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர் (ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர்). பறக்கும்போது அதன் விட்டம் சுமார் 14 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தாளில் விழுந்ததும் இன்னும் பரவும். 30 செ.மீ. தூரத்தில் நம் கண் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய அவற்றுக்கிடையே ஏறக்குறைய 90 மைக்ரான் வேண்டும். வெளிர் பரப்பில் தனித்து நிற்கும் அடர்ந்த புள்ளி அதைவிடச் சிறிதானாலும் உறுத்தும் என்பது உண்மை. ஆனாலும் மணல் தூவினாற்போல நமக்குத் தெரிவது பெரும்பாலும் தனித்துளி அல்ல, ஒட்டிக்கொண்ட துளிக் கும்பல்.

எந்த இடத்தில் துளி விழ வேண்டும் என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. 1976-ல் ஃப்ளாய்டும் ஸ்டைன்பர்க்கும் வெளியிட்ட பிழை பரப்பும் முறை இதில் புகழ்பெற்றது: ஓரிடத்தில் மை கூடினாலோ குறைந்தாலோ, அந்த வித்தியாசத்தைப் பக்கத்து இடங்களுக்குப் பங்கிட்டுவிடும். புள்ளிகள் வரிசை கட்டவும் கூடாது, கும்பல் சேரவும் கூடாது என்பதே நோக்கம். ஆனால் ஹெட், அதாவது மைத் துளிகளை இடும் பகுதி, இடமிருந்து வலம் போகும்போதும் திரும்பி வரும்போதும் விழும் துளிகள் ஒரு மயிரிழை விலகினாலும் இந்தக் கணக்கு குலைந்துவிடும். அதனால் முதலில் நாசில் செக் (மை வரும் துளைகளான நாசில்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்ற சோதனை), அடுத்து ஹெட் அலைன்மென்ட் (துளி விழும் இடத்தைச் சரிசெய்வது). விட்டுப்போன நாசில் கோடாகத் தெரியும். அலைன்மென்ட் பிழை குருணையாகத் தெரியும். பைடைரக்‌ஷனல், அதாவது ஹை ஸ்பீடு தேர்வை அணைத்தால் ஹெட் ஒரே திசையில் மட்டும் அச்சிடும். நேரம் கூடும், ஆனால் முகங்களுக்கு அந்த நேரம் தகும்.

இந்த மாடலில் லைட் சியான், லைட் மெஜந்தா மைகள் இருப்பதும் இதற்காகத்தான். லைட் மை மூன்றில் ஒரு பங்கு அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், ஒரு அடர்ந்த துளிக்குப் பதில் மூன்று வெளிர் துளிகள் விழும், இடைவெளி நிரம்பிவிடும். லைட் மஞ்சள் மட்டும் இல்லை. வெள்ளைத் தாளில் மஞ்சள் புள்ளியைக் கண் அநேகமாகக் கவனிப்பதே இல்லை!

சந்தேகம் வந்தால் வெள்ளையிலிருந்து கறுப்புவரை சீராக இறங்கும் ஒரு பட்டையை அச்சிடுங்கள். பட்டையிலும் குருணை இருந்தால் குறை பிரின்டரிலோ செட்டிங்கிலோ இருக்கிறது. பட்டை வழவழப்பாக இருந்து போட்டோவில் மட்டும் தெரிந்தால், அது கேமரா நாய்ஸ் (படம் எடுக்கும்போதே பதிந்த புள்ளிச் சிதறல்), அல்லது ஷார்ப்பன், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவது, மிகுந்துபோனது.

அடுத்தது தாள். கிளாஸி தாளில் மையை உறிஞ்சும் மெல்லிய பூச்சு உண்டு. அது தாங்கும் அளவுக்கு மேல் மை இட்டால் பக்கத்துத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து திட்டுத் திட்டாக உறையும். மை அளவைத் தீர்மானிப்பது டிரைவரில் (பிரின்டரை இயக்கும் கணினி மென்பொருளில்) நீங்கள் தேர்வு செய்யும் பேப்பர் டைப். அங்கே தவறிவிட்டு கலர் ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினாலும் சரியாகாது.

நிறத்துக்கு வருவோம். துளி பரவுவதால், பாதிப் பரப்பை மூட நினைத்த மை பாதிக்கு மேலேயே மூடும். எவ்வளவு மேலே என்பது தாளுக்குத் தாள், மைக்கு மை மாறும். அதை அளந்து எழுதிய கோப்புதான் ஐசிசி புரொஃபைல். மை, தாள், பேப்பர் டைப், குவாலிட்டி ஆகியவற்றில் ஒன்றை மாற்றினாலும் அந்தப் புரொஃபைலை நம்ப முடியாது. கம்பெனி மைக்குப் பதில் வேறு மை ஊற்றினால் புதிய புரொஃபைல் வேண்டும். ஆர்கில்சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளில் வண்ணக் கட்டங்களை உருவாக்கி, கலர் மேனேஜ்மென்ட், அதாவது மென்பொருளின் நிறத் திருத்தம், எதுவும் இல்லாமல் அச்சிட்டு, 24 மணி நேரம் உலரவிட்டு, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற நிறம் அளக்கும் கருவியால் அளக்க வேண்டும். ஈரமாக அளந்தால் நாளை மாறப்போகும் நிறத்துக்குப் புரொஃபைல் போட்டதாகிவிடும்.

அதிகம் நடக்கும் தவறு இரட்டைத் திருத்தம். போட்டோஷாப்பில் "போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்" தேர்ந்தெடுத்தால் டிரைவரில் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்" இருக்க வேண்டும். இரண்டும் திருத்தினால் நிறம் எங்கேயோ போய்விடும். முகத்திலும் சாம்பல் நிறத்திலும் அது உடனே தெரியும். அச்சில் எட்டாத நிறங்களை எப்படிக் கையாள்வது என்பதற்கான தேர்வு ரெண்டரிங் இன்டென்ட். முகங்கள் என்றால் எட்டும் நிறங்களை அப்படியே விடும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கோடு, படத்தின் கறுப்பை அச்சின் கறுப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன். அச்சில் எட்டாத அடர்நிறப் பூவோ பட்டுச்சேலையோ என்றால் எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவலையும் போட்டுப் பாருங்கள்.

"பிரின்ட் இருட்டாக வருகிறது" என்ற புகாரில் பல சமயம் குற்றம் மானிட்டர் மேல். அதன் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (கேண்டெலா ஒளியின் அலகு) இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு சாம்பல் கட்டத்தை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்திலும் எல்இடி விளக்கின் கீழும் பாருங்கள். அந்தச் சாம்பலில் சியான், மெஜந்தா, மஞ்சள் கலந்திருப்பதால் விளக்குக்கு விளக்கு சாயல் மாறும். பகலில் நடுநிலையாக இருந்து எல்இடியில் மட்டும் பச்சை தட்டினால், புரொஃபைலைத் தொடாதீர்கள், விளக்கை மாற்றுங்கள்.